குதிரைத் தலையின் அளவு

பிப்ரவரி 17, 1998. செவ்வாய்

புழுக்கம். மாசி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கிணற்றுக் கயிறு அதற்குள் எட்டமாட்டேன் என்கிறது. காலேஜில் இரண்டாம் வருட விலங்கியல் ரெக்கார்டு பாதி திருத்தம். மீதி நாளை. இவருடைய சட்டைக்குப் பொத்தான்.

மாலை பாறசாலை, ஸ்டெல்லாவின் டி.டி.பி. கடை. கல்யாணக் கார்டு, பதினாறாம் நாள் அடியந்திர நோட்டீஸ், கட்சித் துண்டுப் பிரசுரம் எல்லாம் அங்கேதான். இரண்டு கம்ப்யூட்டர். நாலரைக்கு மேல் இரண்டாவது எனக்கு. டிசம்பரிலிருந்து இப்படி. மவுஸைப் பிடித்து வரைவது சோப்புக் கட்டியால் எழுதுவது போல என்று தொடக்கத்தில் தோன்றியது. இப்போது கை பழகிவிட்டது.

குதிரை முடிந்தது. பிரிண்ட் எடுத்தோம். கறுப்பு வெள்ளை.

எதற்கு இந்தக் குதிரை என்று நானே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோனதாக நடிக்காமலிருக்க. எங்கள் ஊர் கொல்லயில்; ஊர்ச் சாஸ்தா கோவிலின் பங்குனி உத்திர நோட்டீஸில் வருடா வருடம் ஒரே அச்சு பிளாக். சாஸ்தாவின் குதிரை என்று பேர், பார்த்தால் நனைந்த நாய். கமிட்டி செக்ரட்டரி சுகுமாரன் (ஜங்ஷனில் உரக்கடை) போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் நின்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. நான் கம்ப்யூட்டரில் வரைந்து தருகிறேன் என்றேன்.

"வரைஞ்சு கொண்டாருங்க டீச்சரே, பாப்போம்."

மறுநாளே பால் சொசைட்டி வரை தெரிந்துவிட்டது. "டீச்சர் கம்ப்யூட்டர்ல குதிரை வரையுதாவளாம்." இனிப் பின்வாங்க முடியாது. கமிட்டி கூடுவது மார்ச் 8. அன்று முடிவு: என் குதிரையா, நனைந்த நாயா.

கோவிலுக்கு நான் அதிகம் போவதில்லை. பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வரைய வேண்டும், அவ்வளவுதான். வரைந்தது அச்சில் வர வேண்டும்.

பிப்ரவரி 18. புதன்

ஸ்டாஃப் ரூமில் பிரிண்டை ராதாமணியிடம் காட்டினேன். மலையாளம் டிபார்ட்மென்ட். இருபது வருடப் பழக்கம், இதுவரை என் மனம் நோகாமல் ஒன்றும் சொன்னதில்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "வசந்தே, இது குதிரை இல்லை. குதிரையைப் பத்தி நீ எழுதின பரீட்சைப் பேப்பர்."

"என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லை. அதுதான் குறை. முழு மார்க்கு வாங்கப் பாக்குது."

கோபம். மதியச் சோறு பாதி. உள்ளதைச் சொன்னால் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்ததுதான். குதிரையின் பரிணாமம், கடைசிக் கட்டம். ஐந்து விரல் ஒரு குளம்பானது எப்படி என்று கரும்பலகையில் மனப்பாடமாகப் போடுவேன். பல் வரிசை தெரியும். முழங்கால் எலும்பு தெரியும். குதிரையைத் தொட்டதில்லை. இந்தப் பக்கம் யார் தொட்டிருக்கிறார்கள்? பசு உண்டு, ஆடு உண்டு, உற்சவத்துக்கு யானை வரும். குதிரை காலண்டரில்.

பிப்ரவரி 19. வியாழன்

கடையில் வந்து போகிறவர்களிடமெல்லாம் ஸ்டெல்லா காட்டியிருக்கிறாள். எல்லோரும் சொன்னது ஒரே சொல்: கொள்ளாம். நன்றாயிருக்கிறது என்றும் கொள்ளலாம், பரவாயில்லை என்றும் கொள்ளலாம்.

மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் கொள்ளாம். மீன் கறிக்கும் கொள்ளாம். மழைக்கும் கொள்ளாம். இதில் என்ன தெரிந்துகொள்வது?

சுகுமாரன் மட்டும் நின்று பார்த்தார். யூரியா வாசனையோடு திரைக்கு அருகே குனிந்தார்.

"டீச்சரே, கோவிக்கப்படாது."

"சொல்லுங்க."

"இது கழுதையாக்கும்."

ஸ்டெல்லா சிரித்ததில் அவள் டைப் செய்துகொண்டிருந்த கல்யாணக் கார்டில் மணமகன் பெயர் இரண்டு முறை விழுந்தது.

"எதனால கழுதை?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நம்ம குதிரைக்கு இந்த மொகம் கெடையாது."

வீட்டுக்கு வந்து கொசுவலை கட்டினேன். கழுதை, கழுதை என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் கொள்ளாமை விடக் கழுதை மேல். கழுதையில் தகவல் இருக்கிறது.

பிப்ரவரி 20. வெள்ளி

ஒரு விதி போட்டேன். காகிதத்தில் எழுதித் திரைக்கு மேல் ஒட்டியாயிற்று.

கொள்ளாம் என்று சொல்லக்கூடாது. நன்றாக இல்லை என்றும் சொல்லக்கூடாது. திரையில் ஒரு இடத்தில் விரல் வைக்க வேண்டும். அங்கே பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று சொல்ல வேண்டும்.

ஸ்டெல்லா: "விரலெல்லாம் வச்சா எனக்க மானிட்டர் என்னத்துக்கு ஆகும் டீச்சர்? இப்பமே மீன் கறி மணக்குது." சாரி கவரின் பிளாஸ்டிக்கை வெட்டித் திரையில் ஒட்டினாள். வேலை நடக்கிறது.

முதல் விரல் அவளுடையதுதான். கால்களில்.

"ஒரு காலை வரைஞ்சு நாலா ஒட்டியிருக்கிய. நான் கல்யாண கார்டுல தென்னை மரம் ஒட்டுதது போல. பின்னங்காலும் முன்னால மடங்குது. எனக்கு என்ன தோணுதுன்னு கேட்டியளே, ஸ்டூலு தோணுது."

பிடிபட்டேன். காப்பி, பேஸ்ட், திருப்பிப் போடு. நேரம் மிச்சம் என்று செய்தது. விலங்கியல் எம்.எஸ்ஸி. பின்னங்காலில் மடங்குவது கணுக்கால், முன்னங்காலில் மணிக்கட்டு என்று வருடா வருடம் வகுப்பில் தொண்டை கிழிபவள்.

பிப்ரவரி 21. சனி

பின்னங்கால்கள் புதிதாக. புள்ளி புள்ளியாக இழுத்து வளைத்தேன். ஒரு கால் பூமியில் ஊன்றி, மற்றது நுனியில் ஓய்வாக. ஐந்தரைக்குக் கரண்ட் போனது. பிடரி மயிர் போயிற்று. சேவ் செய்திருந்ததால் கால்கள் உண்டு.

இருட்டில் ஸ்டெல்லா மெழுகுவத்தி தேடிக்கொண்டே, "இப்ப அது நிக்குது டீச்சர். முன்ன கொண்டு வச்சது போல இருந்துது, இப்ப நிக்குது" என்றாள்.

பெருமையாக இருந்தது. எழுதி வைக்கலாம், யார் பார்க்கப் போகிறார்கள். பெருமை.

பிப்ரவரி 24. செவ்வாய்

விரல்கள், இரண்டு நாளில் வந்தவை: பத்திரம் எழுதுகிறவர், தலையில். டைப்ரைட்டிங் படிக்க வரும் இரண்டு பெண்கள், தலையில். பக்கத்துத் தையல்காரர், முதலில் வயிற்றில், பிறகு தலையில். சுகுமாரன், தலையில், விரலை எடுக்கவே இல்லை.

என்ன தோன்றுகிறது என்று கேட்டால்: "கனமா இருக்கு." "மூஞ்சி நீளம்." "பெரிசு." கொல்லயில்காரர்கள் மட்டும் கூடுதலாக ஒன்று: "நம்ம குதிரை இப்பிடி இல்ல."

இத்தனை பேர் ஒரே இடத்தில் கை வைத்தால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். தலையைக் குறைத்தேன். பத்து சதவீதம். பிறகு இன்னும் பத்து.

இரவு உணவு: கஞ்சி, பயறு. இவர் நாகர்கோவில் வண்டி லேட் என்று ஏழரைக்கு வந்தார். பாங்கில் புது மானேஜர் பற்றிப் பேச்சு. குதிரை பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 26. வியாழன்

தலை குறைந்த குதிரை.

ராதாமணி: "கீரிப்பிள்ளை."

ஸ்டெல்லா: "பாவம், அதுக்குச் சோறு கொடுக்கல்லியா?"

சுகுமாரன்: "இப்ப கழுதை இல்ல. ஆனா நம்ம குதிரையும் இல்ல. இன்னும் கொறைங்க டீச்சரே."

இன்னும் குறைத்தால் எறும்புதின்னி. உடல் நீளம் தலையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். இது என் கணக்கில்லை, குதிரையின் கணக்கு. முதல் படத்தில் அளவு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததை எல்லோரும் சேர்ந்து தப்பு என்கிறார்கள். எல்லோருக்குமா கண் தப்பும்?

கமிட்டிக்கு இன்னும் பத்து நாள்.

நாளை டிபார்ட்மென்டிலிருந்து பைனாகுலர் எடுக்க வேண்டும். பறவை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது கொண்டுபோகும் அந்தக் கறுப்புக் குழல். "நம்ம குதிரை, நம்ம குதிரை" என்றால் எந்தக் குதிரை? இந்த ஊரில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கொடிமரத்து உச்சியில்.

மார்ச் 1. ஞாயிறு

காலையிலேயே வெயில் முதுகில் அறைந்தது. பைனாகுலரோடு கோவில். கொடிமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். செம்புத் தகட்டில் குதிரை, ஒரு முழ நீளம் இருந்தால் அதிகம். மார்பு பெரிது. வயிறு பெரிது. தலை, மார்புக்கு மேலே சிறு மொட்டு போல.

சுகுமாரன் வந்துவிட்டார். "என்ன டீச்சரே, பருந்தா?"

"குதிரை."

"தினமும் பாக்குத குதிரைய குழல் வச்சா பாக்கணும்?"

அவர் வீடு எதிரே. மாடி பாதி கட்டி நிற்கிறது, கம்பி நீட்டிக்கொண்டு. ஏறலாமா என்று கேட்டேன். சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே ஏறினோம். இரண்டு தென்னைக்கு இடையில் ஒரு சந்து, அதில் குதிரை நேர்மட்டத்தில்.

நன்றாகப் பெரிய தலை. நான் முதலில் வரைந்ததைவிடப் பெரியது. அகன்ற தாடை, புடைத்த மூக்கு. செய்தவர் வேண்டுமென்றே பெரிதாக்கியிருக்கிறார்.

பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். திருகினார். கண்ணிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"எலே..." யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இது நம்மளுக்க குதிரையா? ஆரும் மாத்தி வச்சிட்டானுவளா?"

"அதேதான்."

கீழே இறங்கி ஓடினார். கொடிமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். மறுபடி மேலே வந்தார், மூச்சு வாங்க. "கீழ நின்னா சின்ன தலை. இஞ்ச வந்தா பெரிய தலை. சின்ன வயசு முதல் நான் இதைக் கும்பிடுதேன் டீச்சரே. அதுக்க மொகத்த இன்னைக்காக்கும் பாக்கேன்."

கீழிருந்து பார்க்கும்போது மார்பு தலையில் பாதியை மறைக்கிறது, கழுத்து சுருங்கித் தெரிகிறது. அதற்கு ஈடாகத்தான் தலையைப் பெரிதாகச் செய்திருக்க வேண்டும். அப்படியும் சிறிதாகவே தெரிகிறது. விளக்கினேன். கேட்டாரா தெரியாது. மறுபடி பைனாகுலரை எடுத்துக்கொண்டார். மனைவியைக் கூப்பிட்டார். அவர் மாவுக் கையோடு வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, நல்ல ஐஸ்வரியம்" என்றார்.

வழியெல்லாம் யோசனை. விரல் வைத்த இடம் சரி. அவர்கள் சொன்ன மருந்துதான் தப்பு, அதைக் கண்ணை மூடிக் குடித்த நானும் தப்பு. நான் குதிரைக்குப் பக்கத்தில் நின்று வரைந்தேன். இந்த ஊரில் ஒருவரும் குதிரைக்குப் பக்கத்தில் நின்றதில்லை. எல்லோரும் நின்றது குதிரைக்கு அடியில்.

தலையை மாற்ற வேண்டாம். நான் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

மார்ச் 2. திங்கள்

கீழிருந்து பார்த்த குதிரை. புத்தகத்தில் கிடையாது. மேலே இருப்பதோ ஒரு புள்ளி, நிழல் விழுந்து விவரம் தெரியாது.

ஆகையால் மரச்சீனியில், அதாவது மரவள்ளிக் கிழங்கில், ஒரு குதிரை. நடுத்தரக் கிழங்கு ஒன்று உடம்பு. கழுத்துக்கும் தலைக்கும் சிறு துண்டுகள், தென்னை ஈர்க்கிலால் குத்தி. காலுக்கு மரச்சீனிக் கம்பு. குளம்புக்கு வெண்டைக்காய்க் காம்பு, அடிப்பக்கம் தெரிய வேண்டும் என்பதால். துணிக்கொடியில் கட்டித் தொங்கவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்து நோட்டில் வரைந்தேன்.

இவர் வந்தது தெரியவில்லை. தலைமாட்டில் செருப்பு.

"வசந்தா, இது நேத்து நான் வாங்கின மரச்சீனியா?"

"ஆமா."

"கறிக்கு?"

"கறிக்கு நாளைக்கு."

சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு சட்டையைக் கழற்றாமலேயே பக்கத்தில் உட்கார்ந்து, நானிருந்த மட்டத்துக்குத் தலையைச் சாய்த்தார். "பின்னங்கால் இன்னும் கொஞ்சம் அகலணும். இல்லைன்னா ஒரு கால் மற்றதை மறைக்குது." ஒரு ஈர்க்கிலை எடுத்து அவரே சரி செய்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இவருக்கு இப்படி ஒரு கண் இருப்பது தெரியாது.

மார்ச் 4. புதன்

நேற்று மாலை முழுவதும் கடையில். புது ஃபைல். பழையதிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை, ஒட்டவில்லை. நாலு குளம்பின் அடியும் தெரிகிறது. குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி உண்டு, அதையும் போட்டேன். படித்தது இதற்காவது உதவட்டும்.

பிரிண்டை ராதாமணியிடம் நீட்டினேன். விதி அவளுக்கும் உண்டு. விரல் வைத்தாள், குதிரையில் அல்ல, காகிதத்தின் மேல் விளிம்பில்.

"இங்கே இடிக்குது. இவ்வளவு உயரத்தில் நிக்கிறதுக்கு மேலே ஆகாசம் வேண்டாமா? அலமாரியில் வச்ச மாதிரி இருக்கு."

"குதிரை?"

"குதிரை மார்க்கு கேக்காமல் பேசாமல் இருக்கு. அதைத் தொடாதே."

ராதாமணியிடமிருந்து இது பரிசு. வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 5. வியாழன்

ஆகாசம் விட்டால் குதிரை சிறுக்கும். சிறுத்தால் காகிதம் காலி. ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் விரல் காலியான இடத்தில் வந்து நின்றது.

"அப்பம் மேட்டர் எங்க போடுததுன்னு நான் நாலு நாளா யோசிச்சுக்கிட்டு கெடக்கேன். இஞ்ச பாருங்க. குதிரை மேல, எடது ஓரத்துல. அதுக்க காலடியில இருந்து கொடிமரம் அடி வரைக்கும் நேரா எறங்கட்டு. வலது பக்கம் பத்து நாள் நிகழ்ச்சி. முதல் நாள் கொடியேத்து மேல, கடைசி நாள் ஆறாட்டு கீழ. வாசிச்சிட்டு வாறவன் அடியில வந்து நிப்பான்."

நாற்காலியை அருகே இழுத்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பேசினோம். அவள் கொடிமரத்தை இழுத்தாள், நான் அதன் வளையங்களைப் போட்டேன். முன்பக்கம் மலையாளம், பின்பக்கம் தமிழ். வாசலில் அடியந்திர நோட்டீஸுக்கு வந்தவர் பத்து நிமிஷம் நின்று, "செத்தது எங்க அப்பன், கொஞ்சம் கெவனிங்க" என்றார்.

ஸ்டெல்லா ஞாயிறு தோறும் சர்ச்சில் பாட்டுக் குழு. சாஸ்தாவின் கொடிமரத்தை அவளைப் போல் நேராக ஒருவரும் நட்டிருக்க முடியாது.

மார்ச் 6. வெள்ளி

சுகுமாரன் பார்த்தார். சிரிப்பு அடங்கவில்லை. "இதாக்கும்! இதாக்கும் நம்ம குதிரை!"

பிறகு யோசனைகள். இறக்கை வைக்கலாமா. காலுக்கடியில் தாமரை. இரண்டு பக்கமும் யானை. பின்னால் ஒளிக்கதிர். மூலையில் வாழைக்குலை.

"விரல் வச்சு, என்ன தோணுதுன்னு மட்டும் சொல்லணும்."

"இஞ்ச வச்சா ஒளிக்கதிர் தோணுது."

வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும். நல்ல மனிதர், ஆனால் வேண்டாம். போன வாரம் எல்லோர் சொல்லையும் கேட்டுத் தலையை வெட்டியவள் நான். யார் சொல்கிறார்கள் என்பதில்லை, சொன்னதால் குதிரை இன்னும் குதிரையாகிறதா என்பதுதான் அளவு. தாமரையால் ஆகாது.

"கமிட்டியில பிரசிடென்ட் கொஞ்சம் கடுப்பம்" என்று போகும்போது சொன்னார். "பிளாக்கு அவருக்க அப்பா காலத்துல செஞ்சதாக்கும்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 7. சனி

ஒன்றும் ஓடவில்லை. தலையணை உறை துவைத்தேன். விடைத்தாள் கட்டு பிரிக்கவில்லை. நாளை அவர்கள் வேண்டாமென்றால் பால் சொசைட்டியில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கொள்ளாம் என்பார்கள். அதைத்தான் தாங்க முடியாது.

மார்ச் 8. ஞாயிறு

கோவில் ஆஃபீஸ். ஃபேன் சத்தம். ஒன்பது ஆண்கள், நான். யாரோ நாற்காலி போட்டார்கள், கதவுக்கு அருகே. நடுவில் மேஜையில் இரண்டு காகிதம்: போன வருட நோட்டீஸ், என்னுடையது.

பிரசிடென்ட் எழுபது தாண்டியவர். வெள்ளை வேட்டி, வெற்றிலைப் பை. என்னுடையதைக் கையில் எடுத்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"டீச்சர் வரைஞ்சது கொள்ளாம். ஆனா குதிரைக்க அடிவயிறு என்னத்துக்குத் தெரியுது? காலடிய நம்ம மொகத்துல காணிக்குது. தெய்வ காரியம் இல்லியா?"

இரண்டு மூன்று தலைகள் ஆடின. ஒருவர், "பழையதே கெடக்கட்டு, அது ஓடிக்கிட்டுதான இருக்கு" என்றார். சுகுமாரன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. வகுப்பு வேறு. எழுந்தேன்.

"அந்தக் காலடியில ஒரு விரல் வையுங்க."

"என்னது?"

"விரல் வச்சு, என்ன தோணுதுன்னு சொல்லுங்க. நல்லதா கெட்டதான்னு வேண்டாம்."

அவர் சிரிப்பார் அல்லது கோபிப்பார் என்று நினைத்தேன். வைத்தார். முன்னங்குளம்பின் அடியில், நான் முக்கோணம் போட்ட இடத்தில். 

"பயமா இருக்கு" என்றார். "மிதிச்சிருமோன்னு."

மறு கையால் வெற்றிலைப் பையை மேஜையில் வைத்தார்.

"கொடியேத்துக்கு அப்பா என்னைத் தோள்ல வச்சிருப்பாரு. அண்ணாந்து பாத்தா மேகம் நகரும், குதிரை நீங்குதது போல இருக்கும். இப்ப மேல விழும், இப்ப விழும்னு அவருக்க தலைமுடியப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்." விரலை இன்னும் எடுக்கவில்லை. "இப்பிடித்தான் இருக்கும். சரியாட்டு இப்பிடித்தான்."

பிறகு காகிதத்தை மேஜையில் வைத்து, மூக்கைச் சிந்தினார். "பிளாக்கு பின்பக்கம் கீழ போடுங்க. சின்னதாட்டு. முன்னால இது."

சுகுமாரன்: "ஒளிக்கதிர்..."

பிரசிடென்ட்: "சும்மா இருலே."

அஜண்டாவில் அடுத்தது யானை ஏற்பாடு. என்னைப் போகலாம் என்று சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். குறுக்கு வழியை விட்டுச் சுற்று வழியில் நடந்தேன், குளத்துக் கரை, வயல், ரயில்வே லைன். யாரும் எதிரில் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 9. திங்கள்

சொன்னேன். ராதாமணியிடம், மணி அடிக்கும் முன்பே. "தெரியும்" என்றாள். "உன் நடையைப் பார்த்தாலே தெரியுது."

ஸ்டெல்லா பப்ஸ் வாங்கி வைத்திருந்தாள். எனக்கு, அவளுக்கு, அடியந்திரக்காரருக்கும் ஒன்று. நோட்டீஸ் வாங்க வந்திருந்தார்.

நனைந்த நாய் பின்பக்கம் போயாயிற்று. பார்க்கப் பார்க்க அதுவும் அத்தனை மோசமில்லை. வென்ற பிறகு பெருந்தன்மை எளிது.

மார்ச் 14. சனி

மார்த்தாண்டத்தில் ஆஃப்செட் பிரஸ். ஸ்டெல்லாவோடு பஸ்ஸில் போய் ப்ரூஃப் பார்த்தோம். திரையில் இருந்த மஞ்சள் காகிதத்தில் செங்கல். ஃப்ளாப்பியைத் திரும்பப் போட்டு, செம்பு நிறம் வரும்வரை மூன்று முறை. பிரஸ்காரர் பல்லைக் கடித்தார். "நோட்டீஸ்தான டீச்சர், ரெண்டு வாரத்துல கிழிஞ்சு போவும்."

"கிழியுறதுவரை செம்பா இருக்கட்டும்."

கடைசி ப்ரூஃபில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், கண்ணாடி போட்டுப் பின்னங்கால்களைப் பார்த்தார். அகலம் சரியாக இருந்தது போலும். படுக்கப் போகும் நேரத்தில் காணவில்லை. தேடினால், மடிக்காமல், பாங்குப் பையில் இரண்டு ரெஜிஸ்டருக்கு நடுவே.

"இது எதுக்கு?"

"ஆஃபீஸ்ல ஒரு காரியம்."

நாகர்கோவில் பாங்கில் கொல்லயில் உற்சவ நோட்டீஸுக்கு என்ன காரியம். கேட்கவில்லை.

மார்ச் 19. வியாழன்

காலை எட்டேகால். பாறசாலை பஸ் ஸ்டாப். நேற்று மாலை ஒட்டியிருக்கிறார்கள், தேர்தல் போஸ்டர் மேலேயே. பசை இன்னும் காயவில்லை. செம்பு நிறம் வெயிலில் அழகாக.

என்னருகே முந்திரி ஆலைக்குப் போகிற இரண்டு பெண்கள், தூக்குவாளியோடு. நான் பார்க்காதது போல் நின்றேன்.

முதலாமவள்: "இது நல்ல குதிரை கேட்டியா. அடியில நாம நிக்குதது போல இருக்கு."

மற்றவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "குதிரை கொள்ளாம். வாலுதான் கனம் கூடிப்போச்சு. இம்புட்டு வால வச்சுக்கிட்டு அது எப்பிடி அந்தக் கம்பத்துல நிக்கும்? பின்னால சாஞ்சிராதா?"

பார்த்தேன். இத்தனை பேர் விரல் வைத்தார்கள், ஒருவரும் வாலில் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உண்மை. முன்னால் இருக்கும் கனத்தையெல்லாம் வால் பின்னுக்கு இழுக்கிறது.

பஸ் ஸ்டாப்பில் தெரியாதவர்களோடு நான் பேசுவதில்லை.

"சரிதான்" என்றேன். "வால் கனம்தான். நான் வரைஞ்சது."

அவள் என்னை உச்சி முதல் கால்வரை பார்த்தாள். பிறகு மறுபடி வாலை. "அப்பம் அடுத்த வருசம் கொறச்சுக்கிடுங்க அக்கா. மத்ததெல்லாம் தொடாண்டாம்."

பஸ் வந்தது. ஜன்னலோர சீட். கைப்பையில் காகிதமில்லை, மின்சார பில்லின் பின்பக்கம். அமரவிளை ஸ்டாப் வருவதற்குள் நாலு வால் வரைந்தாயிற்று. மூன்றாவதில் குதிரை நிற்கும்.